பிடிவாதமும் பீப்பாயும்

சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்றரை வருடம் ஓர் ஒயின் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். பெட்டி பிரிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, அலமாரியைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் திறந்த புட்டியோடு உள்ளே வந்தார். கையிலிருந்த ரசீதை மேசையில் வைத்து, "இது கெட்டுப்போச்சு" என்றார். "வெள்ளை ஒயின்னு சொல்லிக் கொடுத்தீங்க. கலர பாருங்க, டீத் தண்ணி மாதிரி இருக்கு."

எங்கள் மேனேஜர் ஐம்பது வயதுச் சீனர். அதிகம் பேசமாட்டார். புட்டியை வாங்கி மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் போன பிறகு ஒரு சின்னக் கண்ணாடியில் எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். "கெட்டுப்போகல. இது இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

ஸ்பெயினின் ரியோஹா பகுதியைச் சேர்ந்த வின்யா தொந்தோனியா என்ற வெள்ளை ஒயின் அது. புட்டியில் அச்சிட்டிருந்த அறுவடை ஆண்டுக்கும் அன்றைய தேதிக்கும் இடையில் 13 வருட இடைவெளி. நிறம் பழைய நல்லெண்ணெய் மாதிரி. வறுத்த முந்திரி, தேன்மெழுகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், ரொம்ப நாள் திறக்காத மரப்பெட்டி, எல்லாம் கலந்த வாசனை. தேன் வாசனை அடித்தாலும் இனிப்பு கிடையாது. நாக்கில் பட்டதும் நேராக ஒரு புளிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் 'கெட்டுப்போச்சு' என்றதும் மேனேஜர் 'இப்படித்தான் இருக்கணும்' என்றதும் ஒரே திரவத்தைப் பற்றி என்பதை விட்டுவிட முடியவில்லை. இருவரில் யார் சொல்வது சரி? சரி என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஒயினைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குள் மது வராது. அம்மாவின் அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சம்பளத்தில் பாதியைக் கள்ளுக்கடையில் விட்டவர். அந்தக் கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தியது. கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி இருந்திருக்காது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. நான் ஒயின் கடையில் வேலைக்குச் சேர்ந்த செய்தி தெரிந்ததும் அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆகவே 'தேன்மெழுகு வாசனை' என்றெல்லாம் எழுதும்போது, எனக்குப் பின்னால் நின்று யாரோ செருமுவது போல இருக்கிறது. அந்தச் செருமலை மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

இப்போது ஆரோ என்ற ஊருக்குப் போவோம். வடக்கு ஸ்பெயினில், எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. பிரெஞ்சு வியாபாரிகள் எல்லை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஆரோவில் ரயில் நிலையம் இருந்ததால் அதைச் சுற்றியே ஒயின் கூடங்கள் முளைத்தன. அங்கே 1877இல் ரஃபேல் லோபெஸ் டி ஹெரேடியா என்பவர் தொடங்கிய கூடம் இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பாறையைக் குடைந்து நிலவறை அமைத்தார். 1913, 1914 வாக்கில் எப்ரோ வளைந்து ஓடும் ஓரிடத்தில் நூறு ஹெக்டேருக்கு மேல் திராட்சை நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர்தான் தொந்தோனியா. இப்போது நடத்துவது நான்காம் தலைமுறை: மரியா ஹோசே, மெர்சிடஸ் என்ற அக்கா தங்கையும் அவர்களுடைய சகோதரர் ஹூலியோ சீசரும்.

இவர்கள் வெள்ளை ஒயின் செய்யும் விதம் எவ்வளவு விநோதமானது என்று தெரிய, மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்து தோலை உடனே பிரித்துவிடுவார்கள். சாறு மட்டும் நொதிக்கும். சிவப்பு ஒயினில் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனைத் தாங்கிக்கொண்டு ஒயினைக் காப்பாற்றும். வெள்ளை ஒயினுக்கு அந்தக் கவசம் மிகக் குறைவு. காற்றுப் பட்டால் பழுப்பேறும், பழ வாசனை போய்விடும். நறுக்கி வைத்த ஆப்பிளுக்கு ஆகிற கதிதான். அதனால் இன்று உலகில் பெரும்பாலான வெள்ளை ஒயின், குளிரூட்டிய எஃகுத் தொட்டியில், கந்தகத்தின் காவலில், காற்றே படாமல் செய்யப்படுகிறது. சில மாதங்களில் புட்டியில் அடைத்து விற்றுவிடுவார்கள். இளசாக, பளிச்சென்று, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் மணக்க இருக்கும். 'வெள்ளை ஒயின்' என்றதும் நாம் நினைப்பது அதைத்தான். அந்த வாடிக்கையாளர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஆரோவில் நடப்பது இதற்கு நேர் எதிர். வியூரா என்ற திராட்சைதான் பெரும்பங்கு, கூடக் கொஞ்சம் மால்வாசியா. பெரிய ஓக் மரத்தொட்டிகளில் நொதிக்க வைத்து, பிறகு 225 லிட்டர் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். தொந்தோனியா 'ரிசர்வா' வெள்ளை அந்தப் பீப்பாயில் ஆறு வருடம் கிடக்கும். 'கிரான் ரிசர்வா' என்றால் பத்து வருடம். வருடத்துக்கு இரண்டு முறை அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு இறக்குகிறார்கள். தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு. அதன்பின் புட்டியிலும் வருடக்கணக்கில் காத்திருந்துதான் வெளியே வருகிறது. ரியோஹாவின் சட்டப்படி வெள்ளை கிரான் ரிசர்வாவுக்கு மொத்தம் நான்கு வருடம் போதும், அதில் பீப்பாயில் ஆறு மாதம் இருந்தாலே சரி. சட்டம் ஆறு மாதம் கேட்கும் இடத்தில் இவர்கள் பத்து வருடம் வைக்கிறார்கள். மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எதற்குப் பயந்து உலகமே எஃகுக்கு மாறியதோ, அதை இவர்கள் வருந்தி அழைத்துக் குடிவைக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பர்கண்டியின் விலையுயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒரு கோளாறு தெரிய வந்தது. பத்து, இருபது வருடம் தாங்கும் என்று வாங்கி வைத்தவர்கள் ஐந்தாறு வருடத்தில் திறந்து பார்த்தால் பழுப்பேறிக் கிடந்தது. தக்கை சரியில்லை, கந்தகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று: சாறாக இருக்கும்போதே காற்றுப் படாமல் அளவுக்கு மீறிப் பொத்தி வைத்தது. இளமையில் கொஞ்சம் காற்றடிபட்டால், பழுப்பாக வேண்டியது அப்போதே பழுத்து மண்டியோடு போய்விடும், மிஞ்சுவது திடமாக இருக்கும் என்பது அந்த வாதம். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் சொல்வதைப் போலவே இருக்கிறது. ஆனால் பர்கண்டியில் ஒயின் கெட்டது ஆரோக்காரர்கள் செய்வது சரி என்பதற்குச் சான்று ஆகிவிடாது. என்னைத் தொந்தரவு செய்த கேள்வி வேறு.

1970களிலிருந்து ரியோஹாவில் வெள்ளை ஒயினின் பாணி மாறியது. குளிர்நொதிப்பும் எஃகுத் தொட்டியும் வந்தன. பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும் வெள்ளை ஒயின் பழைய காலத்துச் சங்கதியாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கூடங்கள் ஒவ்வொன்றாக மாறின. அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர் இளசான ஒயினைக் கேட்கிறார், அது சீக்கிரம் பணமாகிறது. மூன்றாம் தலைமுறையான பெத்ரோ மாறவில்லை. பிள்ளைகளும் மாறவில்லை. வெகுகாலம் இந்தக் குடும்பத்துக்குப் 'பழம்பஞ்சாங்கம்' என்ற பெயர்தான் இருந்தது. பிறகு காற்று திரும்பியது. எல்லா வெள்ளை ஒயினும் ஒரே ருசியில் இருக்கிறதே என்று சலித்துப்போன ஒரு கூட்டம் உருவானது. இன்று இவர்களுடைய வெள்ளை கிரான் ரிசர்வாவை லண்டனிலும் நியூயார்க்கிலும் தேடித்தேடி வாங்குகிறார்கள். பழம்பஞ்சாங்கம் இப்போது 'மரபின் காவலர்'.

இங்கேதான் கேள்வி. அவர்கள் செய்தது விவேகமா, பிடிவாதமா? காற்று திரும்பியதால் இன்று விவேகம் என்கிறோம். திரும்பாமல் போயிருந்தால்? அதே மனிதர்கள், அதே தீர்மானம், அதே பீப்பாய். கூடம் மூடப்பட்டிருந்தால், 'காலத்தோட ஒட்டிப் போகத் தெரியாத குடும்பம், வீம்பு புடிச்சு அழிஞ்சுபோச்சு' என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். அவர்கள் கையில் இல்லாத ஒன்றை வைத்து அவர்களுடைய குணத்துக்குப் பெயர் சூட்டுகிறோம்.

தத்துவத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் உண்டு. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஓவியர் பால் காகினை நினைவூட்டும் ஒருவரை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். கலைக்காக மனைவி பிள்ளைகளை விட்டு வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறவர். அவர் மகத்தான ஓவியராகிவிட்டால், போனதற்கு ஏதோ ஒரு நியாயம் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. தோற்றால் அந்த நியாயமும் கிடையாது. ஆனால் கிளம்பும்போது அவருக்கே முடிவு தெரியாது. தாமஸ் நேகல் இதற்கு எழுதிய மறுமொழியில் வண்டியோட்டி ஒருவர் வருகிறார். இரண்டு பேர் ஒரே அளவு கவனக்குறைவாக ஓட்டுகிறார்கள். ஒருவன் முன்னால் குழந்தை குறுக்கே ஓடுகிறது, இன்னொருவன் முன்னால் ஓடவில்லை. தப்பு ஒன்றுதான், ஆனால் முதலாமவனை நாம் பார்க்கும் பார்வை வேறு.

நமக்கு இது புதிதல்ல. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு நம்மை நடுவில் நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் இரண்டிலும் மனப்பாடம் செய்தோம், இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதைப் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை.

நான் இதை யோசிக்க ஆரம்பித்தது தத்துவ வகுப்பில் இல்லை, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில். அப்பா 19 வருடம் மசாலா அரைக்கிற மில்லு நடத்தினார். சின்னக் கடை. மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள், எல்லாவற்றையும் அவரே பார்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைத்துக் கொடுப்பார். மிளகாய் அரைக்கும் நாளில் தெருவே தும்மும். பிறகு பாக்கெட் தூள் மலிவாக வந்தது. பேரங்காடிக்குப் போன பெண்கள் வருகிற வழியில் அதையே வாங்கி வந்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு வழி சொன்னார். மல்லித்தூளில் கொஞ்சம் அரிசிமாவு, மிளகாய்த்தூளில் கொஞ்சம் கலர். யாருக்கும் தெரியாது, விலையும் பாக்கெட்டோடு சரிக்குச் சரி நிற்கும். அப்பா முடியாது என்றார். இரண்டு வருடம் இழுத்துப் பிடித்தார். 2009இல் இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போனார்.

எனக்கு அப்போது 12 வயது. அப்பாவை உள்ளுக்குள் குறை சொல்லிக்கொண்டே வளர்ந்தேன். இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று ஒரு சமயம் தோன்றும். பேசாமல் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம் என்று இன்னொரு சமயம் தோன்றும். இரண்டு குறையும் ஒன்றுக்கொன்று முரண் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தோற்றவரிடம் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். எது செய்திருந்தாலும் தப்பு.

ஆரோ குடும்பத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குள் கோபம்தான் வந்தது. இங்கே பிடிவாதம் என்று சொல்லி மூடியதை அங்கே மரபு என்று கொண்டாடுகிறார்கள். பழைய முறையிலேயே நின்று மூடிப்போன கடைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. பிழைத்து நின்றவர்களைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பேருந்து போகிறது.

அப்படியென்றால் வெற்றி தோல்வியை ஒதுக்கிவிட்டு ஒரு பிடிவாதத்தை மதிப்பிட முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டையும் அந்தத் தீர்மானம் எடுக்கப்படும் நாளிலேயே கேட்கலாம், முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் கேள்வி: எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், ஏன் என்று உன்னால் சொல்ல முடியுமா? ஆரோ நிலவறையின் புகைப்படங்களைப் பார்த்தால் எங்கும் ஒட்டடை. புட்டிகளின் மேல் திரைச்சீலை மாதிரி தொங்குகிறது. பார்க்கிறவர் அதைச் சோம்பல் என்பார், அல்லது சுற்றுலாப் பயணிகளுக்கான ஜோடனை என்பார். ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. புட்டியின் தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துத் தின்கின்றன. அதனால்தான் அவற்றைக் கலைப்பதில்லை. பீப்பாய்களும் அப்படித்தான். அமெரிக்க ஓக் மரத்தை வரவழைத்து, தங்கள் பட்டறையிலேயே பீப்பாய் செய்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள். பழைய பீப்பாய் மரவாசனையை அதிகம் விடாது, காற்றை மட்டும் மெதுவாக விடும். அவர்களுக்கு வேண்டியது அதுதான். ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னால் கேட்டால் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

புதுசு என்றாலே பயப்படுகிறவர்களும் அல்லர் அவர்கள். 1910இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காகக் கொள்ளுத்தாத்தா காலத்தில் செய்த மரக்கூடாரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைப் புதுப்பித்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்றபோது ஸாஹா ஹதீதிடம் போனார்கள். பழைய கல்கட்டடங்களுக்கு நடுவில், பெரிய ஒயின் குடுவையின் சாயலில் வளைந்து நிற்கும் அந்த நவீனக் கட்டடம் 2006இல் முடிந்தது. கட்டடத்தில் புதுமைக்கு இடம் கொடுத்தவர்கள், பீப்பாயில் கொடுக்கவில்லை. எங்கே மாறலாம், எங்கே மாறக்கூடாது என்று அவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அப்பா செய்ததைச் செய்கிறேன் என்பதற்காக மட்டும் ஒன்றைச் செய்கிறவருக்கு அந்தப் பிரிவு தெரியாது. அவர் ஒட்டடையையும் வைத்திருப்பார், ஓட்டைக் கூரையையும் வைத்திருப்பார்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. இந்தப் பிடிவாதத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? வில்லியம்ஸின் ஓவியர் தீவுக்குப் போனபோது பட்டினி அவருக்கு மட்டுமாக இருக்கவில்லை. பின்னால் விட்டுப்போனவர்களைக் கேட்டா போனார்?

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மது சம்பந்தப்பட்ட கதை என்பதால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பத்து வருடம் பீப்பாயில் வைக்கிறார்கள், ஊரே மாறியும் அவர்கள் மாறவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா முழுசாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவுங்களுக்குக் கடன் இருந்துச்சாம்மா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "தோட்டம் அவுங்களோடது. கட்டடமும் அவுங்களோடது. பீப்பாயும் அவுங்களே செய்றாங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார். அதில் பொறாமை இல்லை, குத்தலும் இல்லை. கணக்கு ஒத்துவந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு தலையாட்டல்.

அந்த 'அப்ப சரி'யில் நான் எழுத நினைத்த கட்டுரையின் பாதி கரைந்துவிட்டது. பத்து வருடம் விற்காமல் வைப்பதென்றால், பத்து அறுவடைகளின் பணம் நிலவறையில் தூங்குகிறது என்று அர்த்தம். அதற்குப் பொறுமை மட்டும் போதாது, அந்தப் பணம் வராமல் வாழ முடிந்திருக்க வேண்டும். பொறுமையை நாம் குணம் என்று நினைக்கிறோம். அது சில சமயம் சொத்து. அப்பாவின் மில்லு வாடகைக் கடையில் இருந்தது. வாடகை மாதாமாதம் 7ஆம் தேதி. மிளகாயைப் பத்து வருடம் வைத்திருக்கவும் முடியாது.

தாத்தாவின் கள்ளையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் கடுத்துவிடும், அடுத்த நாள் காடிதான். அன்றன்றைய கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு அன்றன்றே தீர்ந்துபோகும் பானம். சொந்த நிலமும் நிலவறையும் உள்ளவர்களுக்குப் பத்து வருடம் காத்திருக்கும் பானம். ருசியைப் பற்றிய விவாதம் மாதிரி தெரிவதற்கு அடியில், நேரம் யாருடைய சொத்து என்ற கேள்வி இருக்கிறது. 'தரமானதுக்காகக் காத்திரு' என்று இளைஞர்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள், அந்தக் காத்திருப்புக்கு யார் வாடகை கட்டுவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதனால் ஆரோ குடும்பத்தின் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. நிலமும் கட்டடமும் உள்ள எத்தனையோ பேர் அதை வைத்துச் சீக்கிரம் பணம் பண்ணப் பார்த்திருப்பார்கள். வசதி அவர்களைப் பிடிவாதமாக இருக்க அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. இருந்த வசதியை எதற்குச் செலவழிப்பது என்ற தீர்மானம் அவர்களுடையது. அந்த விலையையும் அவர்களே கொடுத்தார்கள், வேறு யார் தலையிலும் கட்டவில்லை. அதைப் பாராட்ட இன்றைய லண்டன் விலை எனக்குத் தேவையில்லை. 'பழம்பஞ்சாங்கம்' என்று கேலி பேசிய காலத்திலேயே அது பாராட்டத்தக்கதாகத்தான் இருந்தது.

ஆனால் அப்படி ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வருகிறேன். அப்பா எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்? மல்லித்தூள் என்று சொல்லிக் கொடுப்பதில் மல்லி மட்டும்தான் இருக்க வேண்டும். ஏன் என்று அவரால் சொல்ல முடிந்ததா? முடிந்தது, ஒரே வரியில்: "நம்ம கடைத் தூள்ல புள்ளைங்களுக்குச் சமைக்கிறாங்க." இந்த இடத்தில் அவரும் ஆரோக்காரர்களும் ஒன்றுதான்.

விலை கொடுத்தது யார் என்ற இரண்டாம் கேள்விக்குத்தான் பதில் கலவையாக வருகிறது. கொடுத்தது அவர், அம்மா, நாங்கள் இரண்டு பிள்ளைகள். எங்களைக் கேட்கவில்லை. அண்ணன் எஸ்.பி.எம். முடித்ததும் வேலைக்குப் போனதற்கு மில்லு மூடியதும் ஒரு காரணம். இதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனாலும் கலந்திருந்தால் விலை கொடுத்திருக்கப்போவது வேறு வீட்டுப் பிள்ளைகள். அவர்களையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். யார் தலையில் விழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது அவர் தன் வீட்டின் மேலேயே விழ விட்டார். அதற்காக எங்கள் வீட்டுக்குச் சுற்றுலாப் பேருந்து வராது. வரவில்லை என்பதால் அது வெறும் வீம்பாகவும் ஆகிவிடாது.

நேகல் சொன்ன சிக்கல் இதனால் தீர்ந்துவிட்டதா? இல்லை. வென்றவரை ஒரு விதமாகவும் தோற்றவரை வேறு விதமாகவும் பார்க்கும் கண்ணை என்னால் பிடுங்கிப் போட முடியாது. அப்பா ஜாகா சீருடையில் இரவு வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு இன்றும் வலிக்கத்தான் செய்கிறது. மில்லு செழித்திருந்தால் வலித்திருக்காது. ஊழின் வேலை அது. நாம் செய்யக்கூடியது, அந்த வலியைத் தீர்ப்பாக எழுதாமல் இருப்பது. தோற்றுப்போனார் என்பது நடந்த ஒரு விஷயம். தப்பு செய்தார் என்பது வேறு விஷயம், அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

கடைக்கு வந்த அந்த வாடிக்கையாளரைப் பற்றியும் இப்போது கொஞ்சம் நிதானமாக யோசிக்க முடிகிறது. அவர் அறியாதவர் என்று அன்று நானும் மேனேஜரும் சிரித்தோம். அவர் கேட்டது இளசான ஒயின், கையில் கிடைத்தது வேறு. அதை விளக்கிச் சொல்லாமல் விற்றது எங்கள் தப்பு. வாங்குகிறவருக்குப் புரியாததைத் தாங்கிக்கொள்வது செய்கிறவரின் வேலை, அந்தக் குடும்பம் அதைச் செய்தது. விற்கிறவரின் வேலை வேறு. மேனேஜர் ஒன்றும் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவை திரும்பி வரும்போது அப்பா ஒரு டப்பா மிளகாய்த்தூள் கொடுத்தார். வீட்டுக்கு மட்டும் இன்னமும் அவரே காயவைத்து வறுக்கிறார், வேறு யார் மில்லிலோ அரைத்து வருகிறார். பேருந்தில் பையைத் திறந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் தும்மினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.